தார்ப்பாயில் பெயிண்ட் நிற்கவில்லை: பிள்ளைகளே காயாக நிற்கும் பரமபதம் எதில் செய்வது?

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு பக்கம், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு வயது முதல் பதினொன்று வரை இருபது பிள்ளைகள். பொங்கலுக்கு அவர்களே காயாக நின்று விளையாடும் அளவுக்குப் பெரிய பரமபதம் வேண்டும். போன வருஷம் நீலத் தார்ப்பாயில் நூறு கட்டம் வரைந்தார்களாம். மத்தியானத்துக்குள் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து பிள்ளைகளின் காலோடு போய்விட்டது. இந்த வருஷம் கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. "எந்த பெயிண்ட் வாங்கினால் உரியாது?" என்பது அவர் கேள்வி.

கேட்டது பெயிண்டைப் பற்றி. ஆனால் உங்களுக்கு வேண்டிய பதில் பெயிண்டில் இல்லை, அது பூசப்படும் தளத்தில் இருக்கிறது. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழிப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் கைவேலை டீச்சராக இருந்தவள். பிள்ளைகளைப் பணி அனுபவ மேளாவுக்குக் கூட்டிப் போவதும், ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைவதும், தரையில் விரிக்கிற பெரிய ஆட்டப் பலகைகள் செய்வதும் என் வேலையாகவே இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: எங்கள் ஊர் கணவாய்க் காற்றும் காய்ந்த வெயிலும் உள்ள சமவெளி. உங்கள் ஊர் பனியும் மூடுமஞ்சும் உள்ள மலை. காய்வது, பூஞ்சை பிடிப்பது சம்பந்தமாக நான் சொல்லும் நாள் கணக்குகளை உங்கள் ஊருக்கு ஒன்றரை மடங்காக்கிக் கொள்ளுங்கள்.

தார்ப்பாய் என்று நாம் வாங்கும் நீலப் படுதா பாலித்தீன். அதன் மேல் சுவர் பெயிண்ட், எனாமல், போஸ்டர் கலர் எதுவுமே உண்மையில் ஒட்டுவதில்லை. காய்ந்து ஒரு மெல்லிய தாளாக மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் நிற்காமல் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். பெயிண்ட் அந்தத் தளத்தை நனைப்பதே இல்லை. விலை கூடிய பெயிண்ட் வாங்கியிருந்தாலும் முழுத்தாளாக உரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சிமெண்ட் மூட்டை, அரிசி மூட்டை என்று வரும் பின்னிய பிளாஸ்டிக் சாக்குகளும் இதே கதைதான். ஆகவே போன வருஷம் உங்கள் கைவேலையில் குறை இல்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் பின்பக்கம் திருப்பி வரையலாமா என்று சிலர் நினைப்பார்கள். அது பி.வி.சி., எனாமல் ஓரளவு பிடிக்கும். ஆனால் வெயிலில் கால் சுடும், பனி விழுந்தால் வழுக்கும். கேரளத்தில் 2019 முதல் அதற்குத் தடையும் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுவதற்கு அது வேண்டாம்.

அட்டை? நான் சிறிய பலகைகளுக்கு அட்டைதான் பயன்படுத்துவேன். ஆனால் மேலே ஆள் நடக்கிற பலகைக்கு அட்டை ஒரு நாள் பொருள். உள்ளே இருக்கும் அலை மடிப்பு, குதிகால் பட்ட இடத்தில் நசுங்கிவிடும். உங்கள் ஊர் ஈரத்தில் காலையில் விரித்தது சாயங்காலம் அப்பளமாகிவிடும்.

எனவே என் பதில் துணி. வெளுக்காத பருத்திக் காடா துணி. எங்களுக்குப் பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் காடா கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியிலேயே கிடைக்கும். உங்களுக்குக் குமுளி இறங்கினால் கம்பம், இல்லாவிட்டால் தேனி. 63 அங்குல அகலத்தில் கேளுங்கள். ஏன் அந்த அகலம் என்று சொல்வதற்கு முன், பலகையின் அளவைப் பற்றிப் பேச வேண்டும். போன வருஷம் பெயிண்ட் உரியாமல் இருந்திருந்தாலும் ஆட்டம் சரியாக நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெரிய பரமபதம் செய்கிறவர்கள் எல்லாரும் நூறு கட்டத்தை விட மனம் வராமல் கட்டத்தைச் சின்னதாக்குகிறார்கள். பத்தடிக்குப் பத்தடியில் நூறு கட்டம் என்றால் ஒரு கட்டம் ஓரடி. பதினொரு வயதுப் பையனின் இரண்டு பாதத்துக்கே அது போதாது. ஒரே கட்டத்தில் இரண்டு பேர் வந்தால் தள்ளுமுள்ளுதான். அது மட்டுமில்லை. நூறு கட்டத்தில் ஒருவர் பழம் எடுக்க, அதாவது கடைசிக் கட்டத்தை எட்ட, பாம்பு ஏணி எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்துச் சுமார் நாற்பது முறை பகடை போட வேண்டியிருக்கும். மேசையில் அது பெரிய விஷயமில்லை. பெரிய பகடையை உருட்டி, ஓடிப் பிடித்து, எண்ணைப் பார்த்து, நடந்து கட்டத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு முறையும் அரை நிமிஷம் ஆகும். நாலு பிள்ளைகள் ஆடினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மிச்சம் பதினாறு பேர் அதுவரை சுற்றி நிற்க வேண்டும். கட்டத்தின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கட்டத்தின் அளவைக் குறைக்காதீர்கள்.

நான் பல வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்து நிலைகொண்ட அளவு இது: ஒரு கட்டம் ஒன்றரை அடி, குறுக்கே எட்டு, மேலே ஆறு, மொத்தம் 48 கட்டம். பலகை 12 அடிக்கு 9 அடி. இந்த அளவில் மூன்று வசதிகள் தாமாகவே வந்து விழுகின்றன. ஒன்று, மூலைவிட்டம் சரியாக 15 அடி. கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கப் பிடிக்கிற 3-4-5 கணக்கின் மும்மடங்கு. இரண்டு மூலைவிட்டத்தையும் கயிறு பிடித்து அளந்து இரண்டும் 15 அடி வந்துவிட்டால் பலகை கோணலாகவே இருக்காது. இரண்டாவது, 9 அடியில் பாதி நாலரை அடி, அதாவது மூன்று கட்டம். இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைக்கும் தையல் சரியாக மூன்றாம் நாலாம் வரிசைக்கு இடையே கோட்டில் விழும். எந்தக் கட்டத்தின் நடுவிலும் மூட்டு வராது. 63 அங்குலத் துணி சுருங்கிய பிறகும் நாலரை அடியும் ஓர மடிப்புக்கும் தையலுக்கும் கொஞ்சமும் மிஞ்சும். மூன்றாவதைக் கட்டம் வரையும் இடத்தில் சொல்கிறேன்.

துணி மொத்தம் ஒன்பது மீட்டர் வாங்குங்கள், நாலரை நாலரையாக இரண்டு துண்டு. கையிலிருக்கும் பணத்தில் ஏறக்குறைய பாதி இதற்குப் போகும். வாங்கியவுடன் வெட்டித் தைத்துவிடாதீர்கள். தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி துணியில் அப்படியே இருக்கும். அது இருக்கும்வரை பெயிண்ட் நூலுக்குள் இறங்காது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். காடா முதல் அலசலில் நன்றாகச் சுருங்கும். நீளத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை போனதைப் பார்த்திருக்கிறேன். வரைந்த பிறகு நனைந்து சுருங்கினால் சதுரமெல்லாம் கோணிக்கொள்ளும். அதனால்தான் துணியைக் கூடுதலாக வாங்கச் சொன்னேன். காய்ந்ததும் இரண்டு துண்டையும் ஓரம் உள்ளே போகும்படி மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். லயத்தில் யாரிடமாவது தையல் மெஷின் இருக்கும். ஒரு மணி நேர வேலை.

சுற்றிலும் ஓர மடிப்பை ஒன்றரை அங்குலம் அகலமாக, குழாய் மாதிரி விடுங்கள். நாலு பக்கமும் அதற்குள் மணல் நிரப்பிய நீளமான துணிக் குழல்களை நுழைத்துவிட்டால் காற்றில் பலகை தூக்காது. எங்கள் பக்கம் மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்று சொல்வது கார்த்திகையில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் வீசும். ஒரு வருஷம் முழுப் பலகையும் எழுந்து பிள்ளைகளைப் போர்த்திவிட்டது. அதிலிருந்து மணல் இல்லாமல் நான் விரித்ததில்லை. ஆணி அடித்து நிறுத்துவதை வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

இப்போது கட்டம். துணியை மண் தரையில் இழுத்து விரித்து, சலவை நீலம் தோய்த்த நூலை இரண்டு பேர் இரு முனையிலும் இறுக்கிப் பிடித்து, நடுவில் சுண்டி அடியுங்கள். தச்சர்கள் நூல் அடிப்பார்களே, அதேதான். பென்சிலும் ஸ்கேலும் வைத்து 12 அடி நேர்க்கோடு யாராலும் போட முடியாது. கோடுகள் விழுந்ததும் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாக 9 முதல் 16 என்று மாற்றி மாற்றிப் போனால் 48 இடது மேல் மூலையில், 1-க்கு நேர் மேலே முடியும். எண் தப்பாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டு வரிசையில் மேலும் கீழுமாக இருக்கும் எந்த இரண்டு எண்ணைக் கூட்டினாலும் 17 வரும். அடுத்த ஜோடி வரிசைக்கு 33, பிறகு 49, 65, 81. பெரிய பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்து அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதியில் எண்ணைத் திசை மாற்றி எழுதியது என் கண்ணில் படாமல், பிள்ளைகள் கண்டுபிடித்த வருஷங்கள் உண்டு.

நான் சொன்ன மூன்றாவது வசதி வண்ணத்தில். இப்படிப் பாம்பு நெளிவாக எண் போட்டால் ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி விழும். ஆகவே ஒற்றை எண் கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பூசினால் போதும். இரட்டை எண்கள் துணியின் நிறத்திலேயே இருக்கட்டும். கோடுகளுக்குத் தனியாகப் பெயிண்ட் போடும் வேலையே இல்லை, பெயிண்ட் செலவும் பாதி.

பூசுவது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷன், வெள்ளை, வெளிச்சுவருக்கானது, ஒரு லிட்டர். டிஸ்டெம்பர் மலிவு, ஆனால் அதில் சுண்ணாம்புத்தூள் அதிகம். எனாமல் துணியை விறைக்க வைத்து மடிப்பில் வெடிக்கும்; குளிரில் நாள்கணக்காகப் பிசுபிசுக்கும். எனாமல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஷெட்டில் கிடக்கும் பழைய டப்பாக்கள் அதற்கு முந்தையவையாக இருக்கலாம். பிள்ளைகள் உட்கார்ந்து புரளும் துணியில் அவை படக்கூடாது.

நிறத்துக்கு ஸ்டெய்னர் பாட்டில் வாங்கலாம், ஆனால் ஒரு லிட்டருக்கு 30, 40 மில்லிக்கு மேல் ஊற்றினால் பெயிண்ட் சரியாகக் காயாது. வெள்ளையில் சிவப்பு ஸ்டெய்னர் எவ்வளவு விட்டாலும் ரோஜா நிறம்தான் கிடைக்கும். நான் கோலத்துக்கு வாங்கும் காவிப்பொடியைத்தான் கலப்பேன். கால் கிலோ காவியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துப் பிறகு எமல்ஷனில் சேர்த்தால் நல்ல செங்கல் நிறம் வரும், வெயிலில் வெளுக்காது. மஞ்சள்பொடியைச் சேர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது வெயிலில் பறந்துவிடும், சோப்புத் தண்ணீர் பட்ட இடம் சிவந்தும் போகும்.

பூசும்போது பிரஷ்ஷால் இழுக்காதீர்கள். குஷன் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுங்கள். காளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்கள் துணியைப் பாலில் தோய்ப்பது அவர்களின் தண்ணீர்ச் சாயம் ஓரத்தில் பரவாமல் இருக்கத்தான். நம்முடையது கெட்டியான பெயிண்ட். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் ஒற்றினால் அந்தத் தோய்ப்பெல்லாம் தேவையில்லை. ஒரே பூச்சுதான். நிறம் மங்கலாக இருக்கிறதே என்று இரண்டாம் பூச்சுக்குக் கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள். கனமான பூச்சு வெடிக்கும், துணியோடு கலந்த மெல்லிய பூச்சு வெடிக்காது.

உங்கள் பழைய தார்ப்பாயை எறிந்துவிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பூசும்போது துணிக்கு அடியில் விரிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. கீழே ஊறி இறங்கும் பெயிண்ட் அதில் ஒட்டாது. காய்ந்தபின் துணியைத் தூக்கினால் சுத்தமாகப் பிரிந்து வரும். விளையாடும்போது மட்டும் அதை அடியில் போடாதீர்கள், துணி அதன்மேல் வழுக்கும். டைல்ஸ் தரை, வழவழப்பான சிமெண்ட் தரை இரண்டிலும் இந்தப் பலகையை விரிக்கவே கூடாது. மண் முற்றமோ சொரசொரப்பான தரையோதான்.

எண்களுக்குப் பழைய எக்ஸ்ரே தாளில் 0 முதல் 9 வரை வெட்டிய அச்சு போதும். எண் கட்டத்தின் நடுவில் வேண்டாம், மூலையில் உள்ளங்கை அளவுக்கு இருக்கட்டும். நடுவில் ஆள் நிற்கும்போது எண் மறையக்கூடாது. பாம்புகளை வரைவதைவிடப் பழைய பருத்திச் சேலைக் கரையில் வெட்டித் தைப்பது எனக்குப் பிடிக்கும். எந்த வீட்டுச் சேலை எந்தப் பாம்பு என்று பிள்ளைகள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பஞ்சு அடைத்துப் புடைப்பாகச் செய்யாதீர்கள், தடுக்கி விழுவார்கள். தட்டையாக, ஓரம் முழுவதும் தைத்திருக்க வேண்டும். நாலு ஏணி, ஐந்து பாம்பு 48 கட்டத்துக்குத் தாராளம். 5-இல் ஏறி 21, 46-இல் இறங்கி 30 என்பது போல ஒரே நேர்க்கோட்டில் இரண்டு வரிசை தாண்டினால் போதும். ஏணி முடிகிற கட்டத்தில் பாம்புத் தலை வராமல் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஏணி அடியில் ஒரு நல்ல குணத்தையும் பாம்புத் தலையில் ஒரு கெட்ட குணத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவோம். வீட்டில் ஒரு மொழி, ரோட்டில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகள் இரண்டையும் வாய்விட்டுப் படித்தபடியே ஏறுவார்கள், இறங்குவார்கள்.

பகடைக்கு ஓரடி அட்டைப்பெட்டி. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வர வேண்டும். மூடி மடிகிற பக்கத்தில் அட்டை இரட்டிப்பாக இருப்பதால் அந்தப் பக்கம் கனத்து அடியில் போய்விடும். அதைச் சமன்செய்ய, எதிர்ப்பக்கம் ஒற்றை அட்டையாக இருந்தால் அங்கேயும் அதே அளவு அட்டையை ஒட்டி, உள்ளே கசக்கிய செய்தித்தாளை எல்லா மூலையிலும் ஒரே இறுக்கத்தில் அடையுங்கள். பிறகு அறுபது முறை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் பத்துத் தடவை வருவது நியாயம். ஐந்திலிருந்து பதினைந்து வரை விழுந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு எண் இருபதைத் தொட்டால் பெட்டியைப் பிரித்துத் திரும்ப அடையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ரீப்பர் கட்டையில் ஓரடி நீளத் தாயக்கட்டை இரண்டு செய்து கொடுக்கலாம். முகங்களில் 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 வகை விழும். அதில் 3 விழ நாலு வழி, தாயம், அதாவது 1, விழ இரண்டு வழி; இரண்டிலும் 0 விழுந்தால் 12, அதற்கு ஒரே வழி. இந்தச் சின்னப் பலகைக்கு 12 அதிகம் என்பதால் பரமபதத்துக்குப் பெட்டிப் பகடையே சரி.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பீர்கள். துணியில் இறங்கிய பெயிண்ட் உரியாது என்பதை உறுதியாகச் சொல்வேன். என் பலகைகள் ஐந்தாறு வருஷம் நின்றன. உங்கள் மலை ஈரத்தில் அதே கணக்கு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அங்கே நான் செய்து பார்த்ததில்லை. பத்திரப்படுத்தும் முறைதான் பெரும்பாலும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மடிக்காதீர்கள், மூங்கிலிலோ பி.வி.சி. பைப்பிலோ வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். நான் ஒரு வருஷம் டிஸ்டெம்பர் பூசிய பலகையை மடித்து அலமாரியில் வைத்து, அடுத்த ஆண்டு விரித்தபோது மடிப்புக்கு மடிப்பு வெடித்துக் கொட்டியது. எமல்ஷனுக்கு வேறு ஒரு குணம் உண்டு: முழுசாக இறுகுவதற்கு முன் சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் ஒரு வாரம் காயவிடுவேன். நீங்கள் பத்து நாளாவது விடுங்கள். சுருட்டும்போது நடுவே பழைய சேலையைச் சேர்த்துச் சுருட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஏறிவிடும். காய்ந்த வேப்பிலை போட்டுத் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் கண்ட நாளெல்லாம் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் விரித்துப் போடுங்கள்.

துணி வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் 12 அடிக்கு 9 அடி கோலப்பொடியால் கட்டம் போட்டு, பாம்பு ஏணிக்குக் கயிறு போட்டு, பிள்ளைகளை ஒரு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள். செலவு பத்து ரூபாய். கட்டம் போதுமா, எந்தப் பாம்பு அநியாயம், ஆட்டம் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஒரே சமயம் ஆறு பேருக்கு மேல் ஆடவிடாதீர்கள். மிச்சப் பிள்ளைகளுக்கு அதே பொடியில் பக்கத்தில் ஆடுபுலிக் கட்டம் ஒன்று போட்டுக் கொடுங்கள்: 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு, காய்க்குக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும். அதற்கு வண்ணமே வேண்டாம்.

ஊறவைத்துக் காய ஐந்து நாள், தையலுக்கும் நூலுக்கும் இரண்டு நாள், பூச இரண்டு நாள், இறுகப் பத்து நாள். பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் துணி மார்கழி பத்துத் தேதிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும்.